ஒழுகுமாறு ஒரு பந்தல்

இருபத்தாறு வருசம் பந்தல் போடுகிறேன்.
கலியாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி,
ஒரு தேர்தல் கூட்டம், காசு இன்னும் வரவில்லை.
ஒழுகினது என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.
ஒழுக வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை,
கொழும்புத்துறையில் வாடகைக்கு இருக்கும்
திர்ஸா எலியாஸ் கேட்கும்வரை.

பொய்க்கால் பூட்டினவர்களுக்கு
ஆஸ்பத்திரியில் நடை பழக்குகிறவள். யூதப் பெண்.
தகப்பன்வழி கொச்சி என்பதால்
'பந்தல்' என்ற சொல் மட்டும்
அவள் வாயில் நேராக வந்தது.
மிச்சத்தைக் கையால் பேசினோம்.

தகரம் வேண்டாம். படங்கு வேண்டாம்.
கிடுகும் வேண்டாம், பின்னினது கூடாது.
வெட்டின ஓலை, வெட்டினபடி.
பகலில் வெயிலைவிட நிழல் கூட இருக்கவேணும்,
இரவில் நட்சத்திரம் தெரியவேணும்.
ஏழு நாள் அதற்குள்தான் சாப்பாடு.

"ஐப்பசி" என்றேன். "மழை."
அதற்கும் சட்டம் இருக்கிறதாம்:
கூழ் பழுதாகும் அளவுக்கு விழுந்தால்
எழும்பி வீட்டுக்குள் போகலாம்.
கூழ் தெரிந்த சனம்.
முற்பணம் கேட்காமல் ஒப்புக்கொண்டேன்.

வந்தவர்கள் அவளோடு ஆறு பேர்.
கண்ணிவெடி கிளறும் கம்பனியின் கணக்காளர் பெர்னார்,
தீவுப் பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றும்
மெல்பேண் தம்பதி,
முதுகுப்பையோடு இரண்டு பெடியள்.
கதிரை ஏழு கேட்டாள்.
இரவுக்கு ஒருவராக, செத்துப்போன முன்னோரைப்
பேர் சொல்லி அழைப்பார்களாம்.
கதிரை ஒன்று போதும், ஆள்தான் மாறும்.
முதலாம் இரவு ஆபிரகாம்.

"அவரை எங்களுக்கும் தெரியும்!"
வேலிக்கு மேலால் ஞானசீலி அக்கா.
அடுத்த நிமிசம் ஒரு தட்டு இறால் வடையோடு வந்தா.
ஒருவரும் தொடவில்லை. இறால் ஆகாதாம்.
மற்றநாள் பருத்தித்துறை வடை வந்தது,
அது கூடைக்குள்ளேயே முடிந்தது.

கொழும்பு பஸ்ஸில், பஞ்சுக்குள் சுற்றி
நாரத்தம்பழம் ஒன்று வந்திருந்தது.
திருநெல்வேலிச் சந்தையில்
அறுபது ரூபாய்க்கு எடுக்கலாமே என்றேன்.
நுனிக் காம்பு முறியாமல் இருக்கவேண்டுமாம்.
அதை அவள் பிடித்த பிடியில்
குருத்தோலையும் சேர்ந்து நடுங்கியது.

மூன்றாம் இரவு யாக்கோபின் முறை.
கப்பு இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.
கொட்டியது.
கோப்பையும் பாணுமாகச் சிரித்துக்கொண்டு
எல்லாரும் உள்ளே ஓடினார்கள்.
நான் ஓலைக்குக் கீழே நின்றுவிட்டேன்.

தொண்ணூற்றைந்து. இதே ஐப்பசி.
நாவற்குழிப் பாலத்தில் எனக்குப் பதினாலு வயது.
நெருக்கத்தில் கால் நிலத்தில் படவில்லை.
அம்மா குடையைக் கவிழ்த்துப் பிடித்தா,
மழையைத் தங்கச்சிக்குப் பருக்க.
எழும்பி உள்ளே போகலாம் என்று
எந்தச் சட்டம் சொல்லியிருந்தாலும்
உள் என்று ஒன்று அன்றைக்கு இல்லை.

"மெல்ல, மெல்ல வாங்கோ."
வாசலில் திர்ஸா.
கால் இல்லாதவர்களிடம் படித்த தமிழ்.
பெர்னார் துவாய் தந்தார்.
நாற்பது வருசம் இவர்களுடைய ஆட்கள்
குடிலில் கிடந்தார்களாம், பாலைவனத்தில்.
அதை நினைத்துத்தான் இந்தக் கூத்து,
பாட்டு, வைன், சண்டை பிடிக்கும் பெடியள்.

கொடிகாமத்துப் பள்ளிக்கூட விறாந்தையில்
ஆறு மாதம் கிடந்தோம்.
அதற்கு நாங்கள் ஒரு விழா எடுத்ததில்லை.
எடுக்கலாம் என்றே தெரியாது.

பத்தாம் நாள் கழற்றினேன்.
ஓலையை ஞானசீலி அக்கா வேலிக்குக் கேட்டா.
பில்லில் கதிரை ஆறு என்று போட்டேன்,
வராத ஆளுக்கு எப்படி வாடகை எடுப்பது?
திர்ஸா வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினாள்.
"இருந்தவர்" என்றாள்.
தமிழில்தான் சொன்னாள்.

நாரத்தம்பழத்தை என்னிடம் தந்துவிட்டாள்,
பண்டிகை முடிந்தால் அது வெறும் பழம்தானாம்.
மனுசி ஊறுகாய் போட்டிருக்கிறாள்.
இன்னும் பதம் வரவில்லை.
வெளியே மழை.