கொக்கி நாற்பத்தொன்று

மாஸ்கோவில், பெயர் சொல்லத் தேவையில்லாத உணவகத்தில்
கோட்டு வாங்கி மாட்டுகிறவள் நான்.
அலெவ்தீனா. பதினோரு குளிர்காலம்.
முகங்களைப் பார்ப்பதில்லை, உள்துணியைப் பார்க்கிறேன்.
அக்குள் பக்கத்துத் தையலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை அந்த மிங்க்
ஸ்னெஷானாவின் தோளிலிருந்து இறங்கும்.
வியாழன், அதே மிங்க், ரெகீனா.
சனி, அதே மிங்க், கொஞ்சம் இறுக்கமாக இலோனா.
மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம்;
மூவரும் ஒரே மாதிரி உள்ளங்கையால் மறைப்பார்கள்.
மெட்ரோ முடிகிற இடத்தில் ஓர் அறை,
மூன்று கட்டில், ஒரு கோட்டு,
மூவருக்கும் பொதுவாக ஒரு கனவு:
எண்ணெய்க் கிணறு இருந்தால் நல்லது,
இல்லையென்றால் நிக்கல்,
அதுவும் தகையாவிட்டால் சிமென்ட்.
சிமென்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று சத்தியம்.

இதற்கு வகுப்பும் நடக்கிறது,
பல் மருத்துவருக்கு மேல்மாடியில், ஆறு வாரம், ரொக்கம் மட்டும்.
எப்படிச் சிரிப்பது: மேல்வரிசைப் பல் போதும்.
எப்படிப் பசிக்காமல் இருப்பது.
அவன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது
தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது.
பாடம் நடத்துகிறவள் மூன்று முறை விவாகரத்தானவள்;
மூன்று தீர்ப்பையும் பட்டம்போலச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறாளாம்.
ஒரு கோப்பைத் தேநீரை மூன்று மணிநேரம் குடிப்பதில்
ஸ்னெஷானாவுக்கு முதல் மதிப்பெண்.

ஆண்களைப் பற்றி யாரும் நாவல் எழுதுவதில்லை.
கடிகாரம் மேசைமேல் தெரிகிற மாதிரி முழங்கையை வைப்பார்கள்.
கார்ச் சாவியைத் தட்டோரம் ஊறுகாய்போல வைப்பார்கள்.
சாவி இருக்கும்.
கார் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
வெனியமீன் என்று ஒருவன்.
காஷ்மீர்க் கம்பளி, கழுத்தில் நரித்தோல். டோக்கன் நாற்பத்திரண்டு.
மாட்டப்போனவள் நின்றுவிட்டேன்.
உள்பை ஓரத்தில் சின்ன வெள்ளைத்துணி, அழியாத மையில் ஓர் எண்.
நாற்பத்தொன்றில் தொங்கிய மிங்க்கைப் புரட்டினேன்:
அதே துணி, அதே கையெழுத்து, ஏழுக்கு அதே வால்.
ஒரே வாடகைக் கடை.
எத்தனை மாதமோ ஒரே அலமாரியில்
ஒரே அந்துருண்டை வாசத்தில் குடித்தனம் நடத்தியவை இரண்டும்.
உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான்
இப்போது புதிதாக அறிமுகமாகிறார்கள்.

பரிமாறுகிற ஆர்க்கிப் வந்து சொன்னான்:
இறால் ஒத்துக்கொள்ளாது என்றானாம் அவன்.
எனக்கும்தான் என்றாளாம் அவள்.
வைன், மாட்டிறைச்சி, இனிப்பு, எதுவுமே இருவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.
பத்துக்குப் பத்துப் பொருத்தம்.

பன்னிரண்டே முக்காலுக்கு,
"டிரைவரை அனுப்பிவிட்டேன்" என்றான்.
"எனக்கு நடக்கப் பிடிக்கும்" என்றாள்,
அந்தப் பனியில், அந்தக் குதிகால் செருப்பில்.
அவன் வலப்பக்கம், அவள் இடப்பக்கம்.
மெட்ரோவுக்கு இரண்டு வாசல்.

ஒரு மணிக்குக் கதவடைப்பு. நானும் ஓடினேன்.
கடைசி வண்டியில் எதிரெதிரே இருவரும்,
கோட்டைக் கழற்றி, உள்துணி வெளியே தெரிய மடித்து,
தூங்கும் பிள்ளையைப்போல மடியில் கிடத்திக்கொண்டு.
அழுக்குப் பட்டால் முன்பணம் திரும்பாது.
வெள்ளைத்துணிகள் முதலில் ஒன்றையொன்று பார்த்தன.
அப்புறம்தான் அவர்கள்.

ஸ்னெஷானா கீழ்வரிசைப் பல்லும் தெரியச் சிரித்தாள்.
அவன் சிரிக்கவில்லை, காது மட்டும் சிவந்தது.
காகிதக் கைக்குட்டையில் சுற்றிய உணவகத்து ரொட்டி இரண்டை
சட்டைப்பையிலிருந்து எடுத்து
ஒன்றை நீட்டினான்.
வாங்கினாளா?
என் நிலையம் வந்துவிட்டது.

அடுத்த செவ்வாய் மிங்க்குக்குள் ரெகீனா இருந்தாள்.
"அவளுடைய கிழமையை நான் வாங்கிவிட்டேன். பாதி விலை."
அவள் என்ன ஆனாள் என்றேன்.
"சிமென்ட்டுக்கும் கீழே" என்று உதட்டைச் சுழித்து
பொத்தானை மறைத்தபடி உள்ளே போனாள்.