பதினொன்று

மேல்கணக்குத் தண்ணித்தாங்கி மேல்
ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல்.
ரெயின்கோட்டுக்குள் லெப்டொப்.
நாற்பத்தொரு சதவீதம்.
பனி இறங்கி மஸ்கெலியாவை மூட
நாற்பத்தொன்றிலேயே நிற்கிறது.

ஒக்சானாவை நான் பார்த்ததில்லை.
அவள் ஊரில் இப்போது பகல்.
கெமரா போடமாட்டாள். நானும்தான்:
பின்னால் லயத்துத் தகரம் தெரியும்.

இருட்டும்போது எல்லாம் போய்ச் சேர்ந்தது.
போகக்கூடாததும் ஒன்று:
அமைப்புக் கோப்பில் கடவுச்சொல்,
அழிக்க மறந்து, அப்படியே.

காலையில் அவள் செய்தி:
"மாற்றிவிடு. நான் பார்க்கவில்லை."
கீழே, கொஞ்சம் தள்ளி:
"செவ்வந்தி11, யார்?"

பதினோரு நாள் இருந்தாள் என்று
தட்டுகிறேன். அழிக்கிறேன்.
'பழைய சோதனைப் பெயர்' என்று
அனுப்புகிறேன்.

அட்டை கடித்த காலைச் சொறிந்தபடி
புதிதாக ஒன்று யோசிக்கிறேன்.
எது எழுதினாலும்
பதினொன்றில் முடிகிறது.