ஏழு சிமிட்டல்

அழுத்தினால் ஒரு டிக்.
இரண்டு நொடி கழித்து இன்னொரு டிக்.
அவ்வளவுதான்.
பிறகு சிவப்பு விளக்கு ஏழுமுறை சிமிட்டும்,
மூச்சு வாங்கும்,
மறுபடி ஏழு.

"செத்துப்போச்சு" என்றார் நொல்பெர்த்தோ.
புந்தா அரீனாஸ் டாக்சி ஓட்டுநர் சங்கத்தின் அறை.
ஜூலைக் காற்று கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தது.
சாகவில்லை என்றேன்.
செத்தது எண்ணாது.

முதுகில் முப்பத்தாறு திருகு.
ஒன்று மட்டும் வேறு நீளம்;
எனக்கு முன்பே யாரோ திறந்து பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
மின்தேக்கிகள் கொஞ்சத்தைக் கக்கத்தில் இடுக்கி வைத்திருக்கும்.
பழைய குண்டு பல்பை இரண்டு கம்பியில் கோத்துத் தொட்டேன்.
ஆரஞ்சாய் ஒரு விழிப்பு.
அணைந்தது.
இனிக் கை வைக்கலாம்.

உள்ளே எங்கோ ஒரு போர்டில்
வரும் மின்சாரம் நேரே தரையில் விழுகிறது.
காவல்சுற்று அதைக் கண்டதும்
மொத்த வீட்டையும் பூட்டிவிடுகிறது.
எந்த அறை என்று கேட்டால் ஏழு என்கிறது.
ஆகவே ஒவ்வோர் அறையாகக் கழற்ற வேண்டும்.

ஸ்கேன் போர்டின் வயரை உருவிவிட்டு அழுத்தினேன்.
டிக்.
இரண்டு நொடி. மூன்று. பத்து.
படம் இல்லை. ஆனால் மூடவுமில்லை.
பன்னிரண்டாம் வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு
மைக்கைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள் ஒர்த்தென்சியா விர்சலோவிச்.
கருங்கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது.
"இதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"
இதற்குத்தான்.

மீட்டர் முனைகளை வைத்ததும் கீச்சென்றது.
நொடிக்கு ஆயிரக்கணக்கில் திறந்து மூடவேண்டிய டிரான்சிஸ்டர்
திறந்த கதவாய் உருகி நின்றது.
பக்கத்தில் இருந்ததும் அப்படியே.
இவை தனியாகப் போவதில்லை.

அவற்றின் அலுமினிய முதுகில்
ஒரு விரல் தடிமனுக்குப் பஞ்சு.
தூசி என்று நினைத்தேன். இல்லை, கம்பளி:
நீலம், கருஞ்சிவப்பு, அழுக்கு வெள்ளை.
சாமணத்தால் பிரித்து நிறம் நிறமாக மேசையில் வைத்தேன்.
யாரும் பேசவில்லை.
நொல்பெர்த்தோ தன் நீலக் கையுறையை
மெல்லச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

"மே மாசத்திலிருந்து அடுப்பு எரியலை" என்றாள் ஒர்த்தென்சியா,
வழக்கை முடித்துவைக்கும் குரலில்.
"இந்த டிவி பின்னாடி வெண்ணெய் உருகும்."

நீரிணைக்கு அக்கரையில், போர்வெனீர் ஊர் மதுக்கடையில்
பில்லியர்ட் பந்து பட்டுக் கண்ணாடி உடைந்த ஒன்று கிடந்தது,
இதே மாடல், உள்ளுறுப்பெல்லாம் நலம்.
இரண்டு நாள் காற்று படகை விடவில்லை.
மூன்றாம் நாள் ஆட்டுத்தோலில் சுற்றிய போர்டு வந்தது.
விலை: கடைக்காரர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம்
துறைமுகத்திலிருந்து பல் மருத்துவர்வரை
இலவச டாக்சி.

ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஓர் எண் உண்டு.
இதன் முதுகில் ஒட்டிய சீட்டில்
நூற்று எண்பத்தேழு வோல்ட்.
ஏழின் நடுவே ஒரு குறுக்குக்கோடு,
எந்தத் தொழிற்சாலையில் யார் கையோ.
உடைந்ததன் எண் வேறு. அது இதற்கு ஆகாது.
சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி
நூற்று எண்பத்தேழில் நிறுத்தி
மூச்சை விட்டேன்.

அழுத்தினேன்.
டிக்.
மெல்லிய ரீங்காரம், பிறகு
வானிலை அறிவிப்பாளரின் டை:
காற்று மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
ஒருவர்கூடப் படத்தைப் பார்க்கவில்லை.
வரிசையாகப் பின்பக்கம் போய் உள்ளங்கையை நீட்டினார்கள்.

கையுறையைத் தொங்கவிட்டால் மறுபடி ஏழுதான் என்று
ஸ்பானியத்தில் இருக்கும் எல்லா வசவோடும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பாக்கிப் பணத்துக்குப் போனபோது
டிவிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கம்பி கட்டியிருந்தது,
சரியாக ஒரு சாண் தள்ளி.
ஒன்பது ஜோடி தொங்கின.
யார் கைச் சாண் என்று நான் கேட்கவில்லை.
ஓரத்தில் ஒரு கிளிப் காலியாக இருந்தது.
என்னுடையதும் நனைந்துதான் இருந்தது.