மூன்று நிமிடத்துக்குள்

கூண்டைத் தொட்ட நொடியிலிருந்து
மூன்று நிமிடம்.
அதற்குள் வால் நுனியைக் கீறி
சொட்டு இரத்தம் வாங்கிவிட வேண்டும்.
தாமதித்தால் குழாயில் நிறைவது
எலியின் இரத்தமல்ல,
என் கையைக் கண்ட பயம்.
கார்டிகோஸ்டிரோன் அவ்வளவு வேகம் என்பார் ஜோம்போர்,
சொல்லிக்கொண்டே கடிகாரத்தை அழுத்துவார்.

செகெத் நகரில் பிப்ரவரி.
திசா ஆற்றில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துப் போகின்றன.
நிலவறையில் மட்டும்
வருடம் முழுக்க இருபத்திரண்டு டிகிரி.
பகலை இரவாக்கி வைத்த விளக்குகள்.
அந்தச் செவ்வொளியில்
நாற்பது எலிகள் விழித்திருக்கின்றன.

இருபதுக்குப் பன்றிக்கொழுப்பு பிசைந்த தீனி,
குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர்.
இருபதுக்கு வழக்கமான தீனி,
வெறும் தண்ணீர்.
அளந்து போடுபவள் நான், எமோகெ,
வயது ஐம்பத்து மூன்று,
மதியம் மாடியேறி
ரொட்டியில் அதே பன்றிக்கொழுப்பைத் தடவி
சிவப்பு வெங்காயம் அடுக்கி
பாப்ரிகாப் பொடி தூவித் தின்பவள்.
மேல்மாடியில் அதற்குச் சாப்பாடு என்று பெயர்.

எட்டாம் வாரத்திலேயே கனத்துவிட்டன.
தூக்கினால் விரலிடுக்கில் வழியும்.
அவற்றின் கொழுப்பே
லெப்டினில் எழுதி மூளைக்கு அனுப்பியது:
போதும்.
மறுநாளும் போதும். அதற்கு மறுநாள்
இரண்டு மடங்கு போதும்.
தேவாலயத்தை ஒட்டிக் குடியிருப்பவனுக்கு
மணியோசை கேட்பதில்லையே,
அப்படி இருந்தது மூளை.
இன்சுலினும் ஏறிக்கொண்டே போனது,
சர்க்கரை அதை மதிக்கவில்லை.
ஜோம்போருக்குச் சந்தோஷம்.
எதிர்பார்த்த நோய்
எதிர்பார்த்த வாரத்தில் வந்துவிட்டது.

பதினேழாம் எண்ணைத் தவிர.
அது வெறும் தண்ணீர்க் கூட்டம்.
அதற்கு ஏன் வயிறு பெருக்கிறது?
பட்டியலில் பென்சிலால் வட்டமிட்டார்.
விலக்கிவிடலாம் எமோகெ,
பத்தொன்பது போதும்.

ஏனென்று எனக்குத் தெரியும்.
அக்டோபரில் அதன் காதோரம் கிழிந்திருந்தது.
பாவம், ஆறும்வரைக்கும் என்று
மேலங்கிப் பையிலிருந்து
ஒரு துணுக்கு ரொட்டி.
காது ஆறிப்போனது.
பை ஆறவில்லை.
பிறகு என் செருப்புச் சத்தத்துக்கே
கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கும்.
ஒருமுறை என் கை நடுங்கி
ஆறு நிமிடமாகிவிட்டது.
அப்போதும் அதன் இரத்தத்தில் பயம் ஏறவில்லை.
நாற்பதில் அது ஒன்றுதான் அப்படி.

சொல்ல வேண்டும் என்று
இரண்டு வாரம் வாயைத் திறந்து மூடினேன்.
ஒரு திங்கட்கிழமை, அவர் வருமுன்,
அந்தப் பென்சில் வட்டத்துக்குள் எழுதினேன்:
ரொட்டி. பன்றிக்கொழுப்பு. நான்.

ஜோம்போர் வாசித்தார்.
மூன்றே சொல், வெகுநேரம் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஒரு நாளைக்கு எத்தனை கிராம்?" என்றார்.

அதே வாரம் எனக்கும் சோதனை.
வெறும் வயிற்றோடு நடைவழி பெஞ்சில்
ஒரு மணி ஏழு நிமிடம்.
உள்ளே யாரோ ஒரு பெயரைக் கூப்பிட
இன்னொருத்தி எழுந்து போனாள்.
என் முறை வந்தபோது
ரப்பர் பட்டையை இறுக்கியபடி
பயப்படாதீங்க என்றாள் செவிலி.
மூன்று நிமிடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும்,
இனி வருவதை நம்பாதே என்றேன்.
அவள் சிரித்தாள்.
குழாயில் என் எண்ணை ஒட்டினாள்.

வெளியே காற்று முகத்தை அறுத்தது.
பேருந்து வரவில்லை.
பசித்தது,
அல்லது பசி மாதிரி ஏதோ ஒன்று.
யார் அனுப்பியது இதை,
வயிறா, வழக்கமா என்று
கேட்டுக்கொண்டிருக்கும்போதே
கை பைக்குள் போய்விட்டது.
காய்ந்த துணுக்கு ஒன்று கிடந்தது,
பதினேழுக்கு வைத்தது.