பத்தால் வகுத்தல்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது.
இரண்டாம் குறிப்பு:
"அட்டவணையில் ஆங்ஸ்ட்ராம், படத்தில் நானோமீட்டர்.
ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

தேர்ந்தெடுத்தேன். நானோமீட்டர்.
தஞ்சாவூர், இரவு பத்தே கால்.
ஜெபஸ்டின் அண்ணன் எக்ஸ்-கதிர் அறைச் சாவியை
மேசையில் போட்டுவிட்டு
பாபநாசம் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

நாற்பத்தேழு எண்கள்.
ஒவ்வொன்றிலும் புள்ளியை
ஓரிடம் இடப்பக்கம் தள்ள வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
வரப்பில் மண்வெட்டியால் ஒரு கொத்து மாதிரி.

மண் எங்களுடையது.
தலைஞாயிறு, கடைமடை, அப்பா பேரில் பதினோரு மா.
மே மாதம் வெடிப்புக்குள் கையை விட்டு எடுத்தேன்.
உலையில் காய்ச்சியபோது
களிமண்ணின் ஏட்டுக்கு ஏடு
ஒன்பது புள்ளி எட்டு ஆங்ஸ்ட்ராம்.
ஈரம் காட்டியதும் பதினைந்து புள்ளி நான்கு.
நடுவே வந்து உட்கார்ந்தது
இரண்டு வரிசைத் தண்ணீர்,
வரிசைக்கு இரண்டு புள்ளி எட்டு,
பந்தியில் நெருக்கி உட்காருவதுபோல.

பிகோமீட்டரில் எழுதினால் ஐந்நூற்று அறுபது.
அதே தண்ணீர்தான்,
கேட்க மட்டும் வயிறு நிறையும்.

பதினேழாம் வரியில் கை தவறிப்
புள்ளி வலப்பக்கம் போனது.
ஒரு நொடி எங்கள் வயல்
நூறு மடங்கு குடித்திருந்தது.
அழிக்க மனசில்லை.
அழித்தேன்.

பதினொன்று நாற்பது. தம்பி இளம்பரிதி:
"அரிச்சந்திரா ஷட்டர்ல நிக்கிறேன்.
தண்ணி இன்னும் ரெண்டு மைல்."
மேட்டூரில் கன அடி,
அப்பாவுக்கு முறை,
இவனுக்கு மைல்.
யாருக்கும் யாரும் அலகு மாற்றித் தருவதில்லை.

நாலு விரல் அகல வெடிப்பு மூடுவதற்கு
எத்தனை ஏடுகள் வாய் திறக்க வேண்டும்?
கட்டுரைக்குத் தேவையில்லாத கணக்கு,
விடைத்தாள் ஒன்றின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
பதின்மூன்று கோடிக்கு மேல் வந்தது.
ஒரு வெடிப்புக்கு.
எங்கள் வயலில் வெடிப்புகளை
யார் எண்ணினார்கள்.

மூன்றாம் குறிப்பு:
"அளவீடுகளுக்குப் பிழை வரம்பு ஏன் தரப்படவில்லை?"
இதற்கு என்ன பதில் எழுத.
கருவியின் கையேட்டைத் தேடினேன்,
அலமாரி பூட்டியிருந்தது,
அந்தச் சாவி என்னிடம் இல்லை.

இரண்டு மணிக்கு மறுபடி தம்பி.
படம் அனுப்பியிருந்தான், ஒரே இருட்டு,
ஓரத்தில் டார்ச் வெளிச்சத்தில்
கலங்கலாய் ஏதோ மினுங்கியது.
"வந்துருச்சுக்கா.
கணுக்கால் அளவு.
ஒரு விரக்கட கூடக் கொறைய."