கூடைப்பந்து வளையத்தின் கீழ்

நூலகத்துக்கு அவர் பேச வந்த அன்று
ஆறு பேர் இருந்தோம்.
அதில் இரண்டு பேர் புத்தகம் திருப்பித் தர வந்தவர்கள்.
எல்டன் பிராஸ்க்.
எங்கோ ஒரு சின்ன மாநிலத்தின் முன்னாள் ஆளுநர்,
அதற்கும் முன்னால் மாட்டு வைத்தியர்.
மைக் வேலை செய்யவில்லை. தேவைப்படவும் இல்லை.

எங்கள் வயலுக்கடியில் வரப்போகும் குழாயைப் பற்றிக் கேட்டேன்.
"எனக்குத் தெரியாது" என்றார்.
"விசாரித்து எழுதுகிறேன்."
மூன்று வாரம் கழித்து எழுதியும்விட்டார்,
நான்கு பக்கம்,
மருந்துச் சீட்டுக் கிறுக்கலில்.

என் காரணம் அவ்வளவுதான்.
அவருடைய கொள்கை என்ன என்று கேட்டவர்களுக்கு
கடிதத்தைக் காட்டினேன்.
யாராலும் படிக்க முடியவில்லை.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவேன்,
மாலையில் கதவு தட்டுவேன்.
அயோவாவில் ஜனவரி மாதம் கதவைத் திறப்பவர்கள்
விரலளவுதான் திறப்பார்கள்.
"நல்ல மனுஷன்தான், ஜெயிக்க மாட்டாரே" என்றது ஒரு இடுக்கு.
"ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்" என்றது இன்னொன்று,
ஏதோ ஓட்டு என்பது வங்கியில் போட்டால்
குட்டி போடும் என்பது போல.
வெல்டிங் பட்டறை ஓர்வில் ஸ்லாடெக் மட்டும்
முகமூடியைத் தூக்கிவிட்டு
"யோசிக்கணும்" என்றார்.
மறுபடியும் இறக்கிக்கொண்டார்.

கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்.
ஏழு மணிக்குக் கதவைப் பூட்டி
தொண்ணூற்றெட்டு தலைகளை எண்ணினார்கள்.
இங்கே ரகசிய ஓட்டு கிடையாது.
யார் பக்கமோ அங்கே போய் நிற்க வேண்டும்,
உன் பல் டாக்டர் பார்க்க, உன் முதலாளி பார்க்க.
பதினைந்து பேர் இல்லாத அணி கலைய வேண்டும்.
எங்களுக்குத் தந்த இடம் கூடைப்பந்து வளையத்தின் கீழ்.
பதின்மூன்று பேர்.

என் கணவர் கெரிட் எதிர்ப்பக்கம்,
ஜெயிக்கப்போகிற செனட்டரின் கூட்டத்தில்,
நான் பின்னிய தொப்பியோடு.

அரை மணி நேரம் கொடுத்தார்கள்.
மார்லிஸ் எலுமிச்சை பிஸ்கட் தட்டோடு
எதிரிப் படைக்குள் புகுந்தாள்;
வெறும் தட்டோடு திரும்பினாள், ஆள் வரவில்லை.
என் பேருந்தில் கடைசி இருக்கையில் தூங்கும் டோபின்,
வயது பதினேழே முக்கால்,
மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான்.
பதினான்கு.

கெரிட்டைப் பார்த்தேன்.
அவர் தரையில் போட்டிருந்த மூன்று புள்ளிக் கோட்டைப் பார்த்தார்.

மணி அடித்தது.
பதினான்கு பேரும் நாற்காலி மடிக்கிற சத்தத்தில் கலைந்தோம்.
வேறு அணிகள் கைநீட்டிக் கூப்பிட்டன,
கோயம்பேட்டில் பஸ் கண்டக்டர்கள் கூப்பிடுவார்களாமே,
டோபினின் வேதியியல் ஆசிரியை சொல்வாள், அது மாதிரி.
நான் எங்கும் போகவில்லை.
வளையத்தின் கீழே நின்றேன்.
கணக்கில் நான் வரவில்லை.

வீடு திரும்பும்போது டிரக்கின் சூட்டுக் காற்றை
என் பக்கம் திருப்பிவிட்டார் கெரிட்.
"பரிதாபப்பட்டு வந்து நின்றால் அது ஓட்டா?" என்றார்.
"இல்லை" என்றேன்.
தானியக் கிடங்கு தாண்டியதும்
"ஆனால் பதினைந்து ஆகியிருக்கும்" என்றேன்.

எட்டாம் நாள் பிராஸ்க் விலகிக்கொண்டார்.
தொலைக்காட்சியில் பதினொரு விநாடி,
பனிப்புயலுக்கும் பன்றி விலைக்கும் நடுவில்.
வாசலில் நட்ட பலகையை நான் பிடுங்கவில்லை,
மண் உறைந்து கிடந்தது, பிடுங்க முடியவில்லை.

பத்தாம் நாள் இரவு தொலைபேசி.
பின்னால் ஏதோ இரும்பு குளிர்கிற சத்தம்.
"ஸ்லாடெக் பேசுகிறேன்.
யோசித்துவிட்டேன். உங்கள் ஆள் பக்கம் நிற்கிறேன்.
எப்போது வர வேண்டும்?"

கெரிட் சூப்புக் கரண்டியோடு என்னைப் பார்த்தார்.
பட்டியலைத் தேடி எடுத்தேன்,
பேனா மை உறைந்திருந்தது, உள்ளங்கையில் உருட்டினேன்.
பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினேன்.
பக்கத்தில் எண்ணும் போட்டேன்.