நான்கெல்லை

சொத்து விவரம் எழுதும்போது
கிழக்கிலிருந்து தொடங்குவதுதான் என் வழக்கம்.
இன்று வடக்கிலிருந்து தொடங்கினேன்.

எதிரே தேசம்மாளும் தம்பி எல்லப்பனும்.
அப்பன் விட்டுப்போன மனையில் ஆளுக்குப் பாதி.
மூலப் பத்திரம் எழுபத்து நாலாம் வருஷத்தது,
மடித்த இடமெல்லாம் உப்புப் பூத்திருந்தது:
கிழக்கே கன்னியப்பன் வீடு.
தொண்ணூற்றாறில் அடமானம் வைத்தபோது
கிழக்கே ரோடு.
பதினொன்றில் மீட்டபோது
கிழக்கே கருங்கல் குவியல்.
மூன்றும் ஒரே மனை. மனை நகரவில்லை.
கன்னியப்பனும் யாருக்கும் விற்கவில்லை.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன்.
முப்பது வருஷத்தில் வில்லங்கம் ஏதுமில்லை என்று
முத்திரையோடு வந்தது.

"துறைமுகத்துக்குக் கல்லு கொட்டுனப்போ மணலு போச்சு சார்.
இப்போ தண்ணியே ஏறுது.
எங்கியோ ஐஸு உருகுதாம்,
இங்க எங்கூட்டு அடுப்பு அணையுது."
எல்லப்பன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.
நான் முத்திரைத்தாளை இரண்டாம் தடவை எண்ணினேன்.

கிழமேல் அறுபத்திரண்டு அடி என்கிறது பத்திரம்.
காலையில் போய் டேப் பிடித்தோம்.
இருபத்தெட்டில் செருப்பு நனைந்தது.
முப்பத்தொன்றில் ஓர் அலை வந்து
அந்த முனையைப் பிடித்துக்கொண்டது,
அளக்க வந்த இன்னொரு ஆள் மாதிரி.

மேல்பாதி யாருக்கு, கீழ்பாதி யாருக்கு?
கீழ் என்றால் கிழக்கு, கீழ் என்றால் அடியில்.
இருபத்தாறு வருஷமாக எழுதும் சொல்,
இன்றைக்குத்தான் அதன் முகம் பார்த்தேன்.

எதிர்பார்த்த சண்டை வரவில்லை.
"கீழ்பாதி எம்பேர்ல எழுது சார்" என்றாள் தேசம்மாள்.
"அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க.
பங்குனில தண்ணி கொஞ்சம் எறங்கும்.
நாலஞ்சு நாளு அடுப்பங்கரைத் தரை தெரியும்.
செவப்பு சிமெண்டு. நான் பூசுனது."

எழுதினேன்.
நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்
சகல பாத்தியங்களும் சேர்த்து
சந்திர சூரியர் உள்ளவரை
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
ஜலம் வந்த இடத்தில் பேனா நின்றது.
முன்னெல்லாம் அந்தச் சொல்லுக்குக் கிணறு என்று பொருள்.

கணினியில் ஏற்றும் பையன் தலை தூக்காமல் கேட்டான்:
கிழக்குல யார் பேரு?
கடல் என்றேன்.
பட்டாவா, புறம்போக்கா?
அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ராத்திரி தண்டையார்பேட்டையில்
என் வீட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.
கிழக்கே ஜெகதீசன் மனை.
அவருக்குக் கிழக்கே பாத்திமுத்து வகையறா.
அவர்களுக்குக் கிழக்கே சந்து,
சந்து தாண்டி தனபாக்கியத்தின் மாடி வீடு,
அதற்குக் கிழக்கே அச்சாபீஸ்காரர்...
பாதிக்கு மேல் நானே எழுதிக்கொடுத்தவை.
பெயர் பெயராக விரல் விட்டுக்கொண்டு
கல் கொட்டிய கரை வரைக்கும் போனேன்.
இருபத்து மூன்று.

விளக்கை அணைத்துப் படுத்தபின்
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
இருபத்திரண்டுதான் வந்தது.
யாரை விட்டேன் என்று தெரியவில்லை.